ஒன்று குறைவாகப் பரிமாறியவர்

அவர் சமைத்த பந்தியில் சாப்பிட்டவர்களுக்குக் கை கழுவுகிற இடத்தில்தான் சந்தேகம் வரும். "அப்பளம் வெக்கலேல்ல?" என்று ஒருவர் கேட்பார். பின்னால் நிற்பவர் வாய் கொப்பளித்துவிட்டு, "ஆமாய்யா, வெக்கல" என்பார். அடுத்த விசேஷத்தில் அப்பளம் இருக்கும், ஊறுகாய் இருக்காது. அதற்கு அடுத்ததில் இரண்டும் இருக்கும், பாயசத்தில் முந்திரி இருக்காது. நெய்யில் கை வைத்தார் என்றோ அரிசியில் மட்டம் பார்த்தார் என்றோ எவரும் சொன்னதில்லை. எல்லாம் தாராளமாக இருக்கும். எங்கோ ஒரு சின்னப் பொருள் மட்டும் வராது.

குமுளியில் எங்கள் தெருவுக்குப் பின்சந்தில், பெண்கள் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குகிற ஸ்டோரை ஒட்டி அவருடைய வீடு. கொச்சியிலிருந்து வந்தவர் என்பதால் ஊருக்கு அவர் கொச்சிக்காரம்மா. எனக்கும் அக்காவுக்கும் ஆன்ட்டி. யூதர். கணவர் கொச்சிக் கம்பெனி ஒன்றுக்கு ஏலக்காய் வாங்கிக் கொடுக்க வந்து, இங்கேயே இருந்து, இங்கேயே போய்ச் சேர்ந்தவர். உறவுக்காரர்கள் எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மகளும் அங்கே கட்டிக்கொண்டு போனாள். இவர் மட்டும், "அங்க சூடு, எனக்கு இந்தக் குளிர் மதி" என்று தங்கிவிட்டார். மதி என்றால் போதும். அவருடைய தமிழில் மூன்றில் ஒரு வார்த்தை மலையாளமாக இருக்கும். பேசப் பேச நமக்கும் ஒட்டிக்கொள்ளும்.

சின்ன விசேஷங்களுக்குச் சைவச் சமையல் எடுத்துச் செய்வார். காதுகுத்து, நிச்சயதார்த்தம், சின்னக் கல்யாணம், ஸ்டோர் திறப்பு, இந்த மாதிரி. அவர்களுடைய ஓய்வுநாள் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பை அணைத்தால் சனிக்கிழமை இருட்டும் வரை பற்ற வைக்க மாட்டார். அவர்கள் சாப்பாட்டு விதிப்படி, எங்கள் வீட்டுக்கு வந்தால் பழமும் பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் மட்டும். அம்மா ஆரம்பத்தில் வருத்தப்பட்டாள். அப்புறம் நல்ல பழமாகப் பார்த்து வாங்கி வைக்க ஆரம்பித்தாள்.

இப்போது அவர் இங்கே இல்லை, மகளிடமே போய்விட்டார். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊர் இன்னமும் அந்த அப்பளத்தில்தான் போய் நிற்கும். கஞ்சத்தனம் என்று ஒரு கட்சி. நெய்யை அப்படி ஊற்றுகிறவர் அப்பளத்திலா மிச்சம் பிடிப்பார் என்று எதிர்க் கட்சி. மறதி என்று மூன்றாவது கட்சி ஒன்று இருந்தது. ஆனால் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதையெல்லாம் பந்தியில் முகத்தைப் பார்த்தே சொல்கிறவருக்கு மறதி என்றால் யார் நம்புவார்கள்? அம்மாவுடைய கட்சிதான் கடைசி வரை நின்றது.

"திருஷ்டிதான்டி. முழுசா வெச்சா கண்ணு பட்ரும்னு ஒண்ண விட்டுர்றாங்க. கெட்டிக்காரி."

பெங்களூரில் இரண்டு வேலை மாறி, மூன்றாவதும் பிடிக்காமல், ஏலக்காயை ஆன்லைனில் விற்றுப் பெரிய ஆளாகப் போகிறேன் என்று நான் ஊருக்கு வந்திருந்த சமயம் அது. பெட்டிகளை ஒட்டி அனுப்புகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கை துறுதுறுவென்று இருக்கும். நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"ஆன்ட்டி, திருஷ்டிக்காகவா ஒண்ண விடுறீங்க?"

"எந்து திருஷ்டி?"

புது வீட்டில் பூசணிக்காய் கட்டுவது, குழந்தையின் கன்னத்தில் மை வைப்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்.

"அது உங்களுக்கு, மோளே. எதாவது வந்துருமோன்னு பயந்து செய்யறது. எங்களுக்கு வந்து கழிஞ்சு. வந்ததை மறக்கக் கூடாது, அதுக்கு இது."

"என்ன வந்துச்சு?"

"ஆலயம் போச்சு."

போன வாரம் பக்கத்துத் தெருவில் நடந்தது போலச் சொன்னார். எப்போது என்று கேட்டேன். "ரெண்டாயிரம் வருஷம் ஆகும்" என்று அடுத்த மூடித் தேங்காயை எடுத்தார்.

எருசலேமில் இருந்த ஆலயம். ஒரு முறை இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள், இரண்டாம் முறை ரோமர்கள் இடித்தார்கள், அதற்குப் பிறகு கட்டவேயில்லை. அன்றிலிருந்து இவர்களுக்கு எந்தச் சந்தோஷமும் முழுசாக இருக்கக் கூடாது. வீடு கட்டினால் வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு முழம் பூசாமல் விட வேண்டும். பெண்கள் நகை அணிந்தால் ஒன்றைக் கழற்றி வைக்க வேண்டும். விருந்து வைத்தால் ஒரு பண்டத்தை விட வேண்டும்.

"கல்யாணத்துல மாப்பிள்ளை கண்ணாடி கிளாஸை உடைக்கும்" என்றார்.

"கல்யாணத்துலயா? எங்க ஆளுங்கன்னா தாலி கட்டாமலே எந்திரிச்சுப் போயிருவாங்க."

"அதுகொண்டுதான் உங்க ஆள் ஒருத்தனையும் நான் மருமகனா எடுக்கல்ல."

அன்றைக்கே போனில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு மறுநாள் போய் அவருக்கே பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்தனையும் அதுல உண்டா? அப்பளம் உண்டா?" என்றார். அப்பளம் இல்லை என்றேன். "அப்பளம் எங்க அம்மை விட்டது. அம்மையோட அம்மை எதை விட்டாங்கன்னு அறியில்ல. நீ போன்ல நோக்கிச் சொல்லு."

இதை ஊருக்குச் சொல்லிவிடலாமே என்று எனக்குப் பரபரப்பு. சொல்லியும் பார்த்தேன். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி இடிந்த கோயிலுக்காக இன்றைக்கு அப்பளம் பொரிக்காமல் இருப்பார்களா என்று சிரித்துவிட்டுத் திரும்பவும் அவரவர் கட்சிக்கே போய்விட்டார்கள்.

நகை விஷயத்தில் ஒரு முறை மண்டபமே அல்லோலகல்லோலப்பட்டது. எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஆன்ட்டி பச்சைப் பட்டு கட்டி, சங்கிலி, வளையல் எல்லாம் போட்டு வந்திருந்தார். இடது காதில் மட்டும் கம்மல் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயய்யோ, ஏத்தா, ஒத்தக் கம்மலக் காணோமே!"

"அது சாரமில்ல, போட்டே" என்றார் ஆன்ட்டி. பரவாயில்லை, விடுங்கள் என்று அர்த்தம். தங்கத்தைத் தொலைத்துவிட்டுப் பரவாயில்லை என்கிறாளே, எவ்வளவு நல்ல மனசு என்று பெரியம்மாவுக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. நாற்காலிகளைத் தூக்கினார்கள். மேளக்காரர்களை எழுப்பி ஜமுக்காளத்தை உதறினார்கள். பெண்ணின் சித்தப்பா கைபேசி வெளிச்சத்தில் மேடைக்கு அடியில் தவழ்ந்து போனார். ஆன்ட்டி அவர் பின்னாலேயே குனிந்து, "சேட்டா, வேண்டா சேட்டா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வேறு வழியில்லாமல், "கம்மல் வீட்டில் இருக்கு" என்று சொன்னார்.

பெரியம்மா நிமிர்ந்தாள். "ஒண்ண மட்டும் வீட்லயா வெச்சுட்டு வந்தீக?"

"அதே."

"பூட்டிட்டு வந்தீகளா?"

பெரியம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆலயம் இடிந்ததற்காக அவர் வருஷாவருஷம் துக்கம் காக்கிற மூன்று வாரங்கள் பெரும்பாலும் எங்கள் ஆடியிலேயே வந்து விழும். ஆடியில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. அவரும் அந்த வாரங்களில் கல்யாணச் சமையலுக்குப் போவதில்லை, பாட்டுக் கேட்பதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை. ஆகவே பல வருஷங்களாக ஊருக்கு வித்தியாசமே தெரியவில்லை. கொச்சிக்காரம்மாவும் ஆடி பார்க்கிறார் என்று மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு வருஷம் அவருடைய காலண்டர் முந்திக்கொண்டு ஆனியிலேயே ஆரம்பித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பேக்கரிக்காரர் தன் மகள் கல்யாணத்துக்குச் சமைக்கச் சொல்லி வெற்றிலை பாக்கோடு ஆன்ட்டி வீட்டுக்கு வந்து நின்றார்.

"ஆடி பொறக்க இன்னும் நாள் கெடக்கேம்மா. இது ஆனி."

"உங்க ஆடி பிறக்கல்ல. எங்க ஆடி பிறந்தாச்சு."

பேக்கரிக்காரர் அங்கே சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைப் பார்த்தார், கூட இருந்த என்னைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். அந்த வாரங்கள் முடிகிற நாளில் ஆன்ட்டி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெறும் தரையில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார், சொன்னால் பதிலும் சரியாக வராது. தெரியாமல் போய், "என்னக்கா, சாப்ட்டாச்சா?" என்று விசாரித்த அம்மா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மறுநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து வாழைப்பழம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சமாதானம் ஆயிற்று.

அவரிடம் நான் கவனித்தது ஒன்று உண்டு. இந்த விஷயத்தில் அவருக்குச் சோகம் என்று ஒன்றும் இருக்காது. கண்ணைக் கசக்குவதில்லை, பெருமூச்சு விடுவதில்லை. பால் வாங்குகிற மாதிரி, குடை எடுத்துக்கொள்கிற மாதிரி, ஒன்றைக் குறைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். விட்டுக்கொடுக்கவும் மாட்டார். தேக்கடியில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிற ஒருவர், விருந்தாளிகள் புகார் எழுதுகிறார்கள், எல்லா அயிட்டமும் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். "எல்லாம் வேணும்னா வேற ஆளை விளிச்சோ" என்று அனுப்பிவிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை முழுசாகச் சமைத்தார். என் அக்காவின் வளைகாப்புக்கு.

அக்காவைக் கம்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். முதல் பிள்ளை எட்டாம் மாசத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அக்கா மயக்கத்தில் இருந்தாள். பார்த்தால் தாங்க மாட்டாள் என்று காட்டாமலே கொண்டுபோய்விட்டார்கள். பார்த்தது அம்மா மட்டும். அதற்குப் பிறகு இரண்டு வீடுகளிலும் அந்தப் பேச்சே கிடையாது. முதல் வளைகாப்புப் படங்களை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கச் சொன்னார்கள். அக்கா எப்போதாவது வாயெடுத்தால், "அத நெனைக்காத தாயி, நெனச்சா ஒடம்பு கெடும்" என்று அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள். அக்காவும் வாயெடுப்பதை விட்டுவிட்டாள். பேச்சையே பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

இரண்டாவது முறை வயிற்றில் தங்கியபோது அக்காவின் மாமியார் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். போன முறை நாங்கள் கட்டிக்கொண்டு போன ஏழு சாதத்தில் தேங்காய்ச் சாதம் மலைப்பாதை வளைவில் கொட்டிப்போய் ஆறுதான் வந்து சேர்ந்தது என்பது அவர் கணக்கு. அந்தக் குறைதான் என்றார். திட்டாமல், அழாமல், சாதாரணமாகச் சொன்னார். அம்மா அதைக் கல்லில் வெட்டிய மாதிரி மனதில் வைத்துக்கொண்டாள். இந்த முறை ஒரு குண்டுமணி குறையக் கூடாது.

அக்காவுக்கோ ஆன்ட்டியின் புளியோதரை மட்டும்தான் வயிற்றில் நின்றது. அவர்தான் சமைக்க வேண்டும் என்று போனில் ஒரே பிடியாக நின்றாள். வேறு எதையும் அவள் கேட்காத காலம் அது. அதனால் அம்மாவால் மறுக்க முடியவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனாள்.

"ஏக்கா, ஏழு சாதமும் நீங்கதேன் செய்யணும்."

"பின்னே, செய்யறேன்."

"ஏழும் முழுசா."

ஆன்ட்டி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏழும் உண்டு. ஒண்ணுல முந்திரியோ கறிவேப்பிலையோ, எதாவது சின்னது விடும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேக்கா! நான் எப்படிக்கா அங்க நிப்பேன்? சம்பந்தகாரம்மா மூடிய ஒவ்வொண்ணாத் தொறந்து பாப்பாக."

"தங்கச்சி, இது உங்க பிள்ளைக்குக் கேடு செய்யறதில்ல."

"தெரியும்க்கா. ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆனா ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா," என்று அம்மா நிறுத்தினாள். அந்த வாக்கியத்தை முடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. "இந்த ஒரு தடவக்கா. ஒங்க சாமிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"அது சாமிகிட்ட உள்ள கணக்கில்ல" என்றார் ஆன்ட்டி. பக்கத்து ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்கள் ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் ஆன்ட்டி முறத்தைக் கையில் எடுத்தார்.

"செரி. ஏழும். முழுக்க."

அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை. பேரம் பேசி ஜெயித்த மாதிரி இல்லை. அவரிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

வளைகாப்பு அன்று விடிந்ததும் வேன் பின்சந்துக்கு வந்தது. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, கறிவேப்பிலை, தயிர். ஒவ்வொரு தூக்கையும் அம்மா திறந்து பார்த்தாள். முந்திரி இருந்தது. திராட்சை இருந்தது. தயிர்சாதத்தில் மாதுளை முத்துக்கூட இருந்தது. அப்பளம் ஒரு டின் நிறையத் தனியாக இருந்தது; அதை யாரும் கேட்கவேயில்லை. "வாங்கக்கா, நீங்களும் வண்டியில ஏறுங்க" என்றாள் அம்மா. ஆன்ட்டி வரவில்லை. வாழையிலையால் தூக்குகளின் வாயைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். வீட்டைப் பூட்டாமல் வெளியே வந்துவிட்டவர் நிற்கிற மாதிரி நின்றார். டிரைவரிடம் மட்டும், "வளைவில் மெல்லே, கேட்டோ" என்றார்.

மலையிறங்கிக் கம்பம் போய்ச் சேர்ந்தோம். ஏழும் சிந்தாமல் வந்தன. அக்காவின் மாமியார் மூடிகளைத் திறந்து பார்த்து, "நெறவா இருக்கு" என்று ஒரே வார்த்தை சொன்னார். அம்மாவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

அக்காவை மணையில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, ஒவ்வொரு பெண்ணாக வந்து கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். பச்சையும் சிவப்புமாக இரண்டு கையும் நிறைந்தன. தட்டில் கடைசியாக ஒரு சிவப்பு வளையல் கிடந்தது. அதை மாமியார் போட வேண்டும். அவர் குனிந்தபோது அக்கா கையை மடக்கிக்கொண்டாள்.

"போதும் அத்தை."

"இன்னும் ஒண்ணு இருக்குல்ல?"

"அது இருக்கட்டும். அது வேணாம்."

பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "கை வீங்கியிருக்குல்ல, ஏறாது" என்று அம்மா அவசரமாகச் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மாமியார் அந்த வளையலைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு அதைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, ஆரத்தி எடுக்கச் சொன்னார். அவர் என்ன நினைத்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பிரசவத்துக்கு அக்காவை அன்றே குமுளிக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். வேனில் அம்மா அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "ஊரையே கும்புட்டு, அந்தக் கொச்சிக்காரக்காவயே மாத்தி, நெறவாக் கொண்டாந்து வெச்சா, நீ கொறையாக்கிட்டு வாறியே!" அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் வளையல்கள் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன.

இரண்டாவது பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதை அதைப் பற்றியது இல்லை.

மறுநாள் ஆன்ட்டி பார்க்க வந்தார். அக்கா உள்ளறைக் கட்டிலில் இருந்தாள். அம்மா அவரிடம் முகம் கொடுக்காமல் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஆன்ட்டி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையை எடுத்து, வளையல்களை அழகு பார்த்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். அக்கா எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"ஒண்ண வேணாம்னுட்டேன் ஆன்ட்டி. உங்களப் பாத்துத்தான்."

ஆன்ட்டி கையை விட்டுவிட்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"நீ எந்து வேலை காட்டியது? உனக்குக் கொறை வரக் கூடாதுன்னு உங்கம்மை அழுதது. அதுக்குவேண்டி நான் ஆயுசுல முதல்ல முழுக்க வெச்சேன். நீ அங்க போய்க் கொறைச்சோ?"

"ஆன்ட்டி..."

"அது எங்க ஆலயத்துக்குள்ளது. அவனவன் சங்கடத்துக்கு எடுத்து உபயோகிக்கற சாதனமில்ல அது."

நான் வாசற்படியில் நின்றேன். குறுக்கே ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன்.

"எனக்கு ஆலயமெல்லாம் தெரியாது ஆன்ட்டி" என்றாள் அக்கா. சத்தமே இல்லாமல் பேசினாள். "எனக்கு இடிஞ்சுபோனது அவ ஒருத்திதான். எல்லாரும் நெறவா இருக்கு, நெறவா இருக்குன்னாங்க. ஏழு சாதம், ரெண்டு கை வளையல், எல்லாம் நெறஞ்சிருச்சுன்னா அவ இருந்தான்னு யாருக்குத் தெரியும்?"

ஆன்ட்டி மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். தான் சொன்னதை அவர் வாபஸ் வாங்கவில்லை. அக்கா செய்தது சரி என்றும் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டார்.

"பெண்குஞ்ஞா?"

"ம்."

"யாரைப் போல இருந்தா?"

இரண்டு வருஷமாக இரண்டு வீட்டிலும் ஒருவரும் கேட்காத கேள்வி.

"எனக்குத் தெரியாது. நான் பாக்கலயே. காட்டலையே."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் நின்றது. அம்மா வந்து அறை வாசலில் நின்றாள். என்னை இடித்துக்கொண்டுதான் நின்றாள், ஆனால் நான் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தலை நெறைய முடி இருந்துச்சு" என்றாள் அம்மா.

அக்கா திரும்பினாள்.

"சுருட்ட முடி. ஒங்க அப்பாவுக்கு மாதிரி. நர்ஸு கூடச் சொன்னா, இம்புட்டு முடியான்னு."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

"இன்னும் சொல்லும்மா" என்றாள் அக்கா.

ஆன்ட்டி நகர்ந்து கட்டிலில் அம்மாவுக்கு இடம் விட்டார்.

"வெரலு நீளம் நீளமா இருந்துச்சு" என்றாள் அம்மா, உட்கார்ந்துகொண்டே.